ஓவியச் சிங்கம் மேடையேறிய கதை

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை



ஒரு கலை வடிவம் இன்னொரு கலை வடிவமாக மாறுவதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். காவியம் நாடகமானதையும் நாவல் திரைப்படமானதையும் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் முன்பே விரிவாகப் பேசியிருக்கின்றனர். ஆகவே நான் சற்று விலகிய பாதையில் செல்ல எண்ணினேன். கார்ட்டூன் என்றும் அனிமேஷன் என்றும் நாம் சொல்லும் ஓவியத் திரைப்படம் ஒன்று இசை நாடகமாக மேடையேறிய வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கின்றேன். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் சிறுவர் படத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். இதற்குள் நம் தொழிலுக்குப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கின்றது என்பதே என் கருத்து.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கின்றது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கின்றது. இந்நான்கும் சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழிகள். கோட்டிலும் வண்ணத்திலும் பிறந்த ஒன்று, எலும்பும் தசையும் உள்ள மனிதர் நடமாடும் மேடைக்கு எவ்வழியில் வருவது? இதற்கு இலக்கணம் வகுத்தவர் யாரும் இல்லை. செய்து பார்த்தவர்களின் செயலிலிருந்துதான் நாம் இலக்கணம் தேட வேண்டும்.

நான் சொல்லவரும் படம் 'தி லயன் கிங்'. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் தயாரிப்பாக, ரோஜர் ஆலர்ஸ், ராப் மின்காஃப் ஆகிய இருவரின் இயக்கத்தில் 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. கதையை அறியாதார் இங்கே குறைவாகவே இருப்பர். ஆப்பிரிக்கப் புல்வெளியை ஆளும் முஃபாசா என்னும் சிங்க அரசனை அவன் தம்பி ஸ்கார் சூழ்ச்சியால் கொல்கின்றான். தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்று நம்பவைக்கப்பட்ட குட்டி சிம்பா நாட்டைவிட்டு ஓடுகின்றான். வளர்ந்தபின் திரும்பிவந்து தன் கடமையை ஏற்கின்றான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நினைவூட்டும் கதை இது. எல்ட்டன் ஜான் இசையமைக்க, டிம் ரைஸ் எழுதிய 5 பாடல்கள் அதில் இடம்பெற்றன. பின்னணி இசைக்காக ஹான்ஸ் ஸிம்மருக்கும், பாடலுக்காக எல்ட்டன் ஜான், டிம் ரைஸ் இருவருக்கும் ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன.

இப்படத்தை மேடைக்குக் கொண்டுவருவதில் உள்ள இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். இதில் மனிதப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. ஓவியனுக்கு இது பொருட்டல்ல. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில் அவன் எதையும் செய்யலாம். சிங்கத்தைப் பேசவைக்கலாம். ஆயிரக்கணக்கான காட்டு மாடுகளைப் பள்ளத்தாக்கில் பாய்ந்தோடச் செய்யலாம். இறந்த தந்தையின் முகத்தை மேகத்தில் எழுப்பலாம். அவன் கோட்டுக்குப் புவியீர்ப்பு இல்லை. மேடைக்கோ புவியீர்ப்பு உண்டு. அங்கே நடிகருக்கு இரண்டு கால்களே உண்டு. அவருக்கு மூச்சு வாங்கும், வியர்க்கும். ஓவியனின் எல்லையற்ற உரிமையிலிருந்து நடிகனின் எல்லைக்குட்பட்ட உடலுக்கு இறங்கிவருவதே இத்தகைய தழுவலின் அடிப்படைச் சிக்கல்.

இச்சிக்கலுக்கு அதே நிறுவனம் முன்னரே ஒரு விடை கண்டிருந்தது. 1991இல் வெளிவந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' என்னும் ஓவியப் படம் 1994இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இசை நாடகமாயிற்று. சாபத்தால் மெழுகுவர்த்தித் தாங்கியாகவும் கடிகாரமாகவும் தேநீர்ப் பாத்திரமாகவும் மாறிவிட்ட அரண்மனைப் பணியாளர்கள் அக்கதையில் வருகின்றனர். மனித உருவம் கொண்ட நடிகரை எப்படிக் கடிகாரமாக்குவது? நாடக ஆசிரியர் கதையிலேயே ஒரு மாற்றம் செய்தார். பணியாளர்கள் இன்னும் முழுதாகப் பொருள்களாகிவிடவில்லை, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருக்கின்றனர் என்றார். நடிகரின் மனித உருவத்துக்குக் கதையே காரணம் சொல்லிவிட்டது. அதோடு, காலம் கடந்தால் மீளவே முடியாது என்ற அச்சமும் நாடகத்துக்குக் கிடைத்தது. நல்ல உத்தி என்றே சொல்வேன்.

இந்நாடகத்தில் கவிஞர்களாகிய நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஆலன் மென்கனின் இசைக்குப் பாடல்கள் எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன், படம் வெளிவருவதற்கு முன்பே 1991 மார்ச்சில் காலமானார். மீண்டும் மனிதராகும் நாளைப் பணியாளர்கள் கனவு காண்பதாக அவர் எழுதிய பாடல் ஒன்று படத்தில் இடம்பெறாமல் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பாடலை மேடை மீட்டெடுத்தது. பின்னர் 2002இல் படத்தின் மறுவெளியீட்டிலும் அது சேர்க்கப்பட்டது. கவிஞர் மறைந்த பிறகும் அவருடைய சொல் தனக்குரிய இடத்தைக் காத்திருந்து அடைந்தது. முதல்நூல் கைவிட்டதை வழிநூல் காப்பாற்றித் திருப்பித் தந்தது.

ஆயினும் அந்நாடகத்தின் தோற்றம் பெரும்பாலும் படத்தையே பின்பற்றியது. திரையில் கண்டதை அப்படியே கண்முன் நிறுத்துவதில் அதன் முயற்சி செலவாயிற்று. கேளிக்கைப் பூங்காவின் காட்சியைப் போல் உள்ளது என்று விமரிசகர் சிலர் குறை கூறினர். மக்களோ குறை கூறவில்லை. 2007இல் நிறைவுறும்வரை அது 5,461 முறை நடிக்கப்பட்டது. வெற்றி பெற்ற இந்த வழியையே சிங்கத்தின் கதையும் பின்பற்றியிருக்கலாம். பஞ்சு அடைத்த சிங்கத் தோலுக்குள் நடிகர்களை நுழைத்திருக்கலாம். அப்படி நடக்காமல் போனதற்கு முதன்மைக் காரணம் ஜூலி டேமர் என்னும் பெண்மணி.

டேமர் வணிக நாடக உலகில் வளர்ந்தவர் அல்லர். இளமையில் பாரிஸ் சென்று ஜாக் லெகாக் பள்ளியில் உடல்மொழி நடிப்பைப் பயின்றவர். 1970களின் நடுப்பகுதியில் இந்தோனேசியாவுக்குச் சென்று, ஏறத்தாழ நான்காண்டுகள் தங்கி, அங்கே ஒரு நாடகக் குழுவை அமைத்தவர். அந்நாட்டின் வயாங் என்னும் தோற்பாவை நிழற்கூத்து, இராமாயண பாரதக் கதைகளை இரவெல்லாம் நிகழ்த்துவது, நம் தோற்பாவைக்கூத்துக்கு உறவுமுறை உடையது. நம் ஊரில் திரைக்கு முன்னமர்ந்து நிழலை மட்டும் காண்கின்றோம். ஜாவாவிலோ திரைக்கு இரு புறமும் மக்கள் அமர்வதுண்டு. ஒரு புறத்தார்க்கு நிழல் தெரியும். மறு புறத்தார்க்குப் பாவையும் தெரியும், பாவையாட்டியும் தெரிவார். ஜப்பானின் புன்ராகு பாவைக்கூத்திலோ ஆட்டுபவர்கள் மறைவதே இல்லை. கருப்பு உடையில் பாவையோடு மேடையிலேயே நிற்பர். சிறிது நேரத்தில் பார்ப்பவர் அவர்களை மறந்து பாவையின் துயரத்தில் கரைந்துவிடுவர். இம்மரபுகளின் அறிவோடுதான் டேமர் இப்பணிக்கு வந்தார்.

அவர் செய்த முடிவு எளியது, துணிவானது. நடிகரை மறைப்பதில்லை என்று தீர்மானித்தார். முஃபாசாவின் சிங்க முகமூடி நடிகரின் முகத்தை மூடாமல் தலைக்கு மேலே மகுடம்போல் நிற்கின்றது. கீழே மனித முகம் திறந்திருக்கின்றது. ஸ்காரின் முகமூடி, அவன் சினந்து முன்சாயும்போது முகத்துக்கு நேரே இறங்கிவரும், நிமிரும்போது மேலேறும். மனிதனுக்குள் விலங்கு எழுவதும் அடங்குவதும் கண்முன் நிகழ்கின்றன. மைக்கேல் கரி என்னும் பாவைக் கலைஞரோடு சேர்ந்து இம்முகமூடிகளையும் பாவைகளையும் டேமர் உருவாக்கினார். ஒட்டகச்சிவிங்கி வேண்டுமா? நடிகர் கைகளிலும் கால்களிலும் பொய்க்கால்களைப் பூட்டிக்கொண்டு நடக்கின்றார். சிறுத்தைப் பாவையின் தலை, ஆட்டுபவரின் தலையோடு நூலால் இணைக்கப்பட்டுள்ளது. அவர் தலை திருப்பினால் அதுவும் திரும்பும். தலையில் அணிந்த வளையத்திலிருந்து நூல்கட்டிப் பாவையை ஆட்டும் நம் பொம்மலாட்டக்காரருக்கு இந்த உத்தி வியப்பளிக்காது. அவர் திரைக்குப் பின்னால் நிற்பவர், சிறுத்தையை ஆட்டுபவரோ வெளிச்சத்தில் நிற்பவர். வேறுபாடு அவ்வளவே.

விலங்கும் அதை இயக்கும் மனிதரும் ஒருசேரத் தெரியும் இந்நிலையை 'இரட்டை நிகழ்வு' என்று டேமர் குறிப்பிடுவார். பார்ப்பவர் கதையையும் காண்கின்றார், கதை சொல்லப்படும் விதத்தையும் காண்கின்றார்.

இன்னும் சில காட்சிகளைச் சொல்ல அனுமதியுங்கள். திரைப்படத்தில் புல்வெளி பின்னணி ஓவியம். மேடையில் தலைமீது புல் நிறைந்த பலகையைத் தாங்கிய நடனக்காரர்கள் வரிசையாக அசைகின்றனர், அதுவே புல்வெளி. பஞ்சம் வருகின்றது. மேடை நடுவில் வட்டமாக விரித்த நீலப் பட்டுத்துணி ஒரு துளைவழியே உள்ளிழுக்கப்பட்டுச் சுருங்கிச் சுருங்கி மறைகின்றது. நீர்நிலை வற்றிவிட்டது. அரசனை இழந்த பெண் சிங்கங்கள் தம் முகமூடியின் கண்களிலிருந்து நீண்ட வெண்ணிற நாடாக்களை இழுக்கின்றனர். அது கண்ணீர். மேகத்தில் தோன்றிய முஃபாசாவின் முகம் மேடையில் துண்டு துண்டாக இருளில் மிதந்துவந்து ஒன்றுகூடி முகமாகின்றது.

நீலத்துணி நீராகாது என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். அறிந்த பிறகும் அது வற்றும்போது நெஞ்சு வறளுகின்றது. ஓவியத் திரைப்படம் எல்லாவற்றையும் வரைந்து முடித்துக் கொடுக்கின்றது. மேடை பாதியை மட்டும் கொடுத்து மீதியைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகின்றது. இது நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் மருதநிலத்துப் பொய்கையையும் மீனையும் சொல்லித் தலைவனின் ஒழுக்கத்தைக் கேட்பவர் நெஞ்சில் நிரப்பிக்கொள்ள விடுகின்றாரே, அந்த உள்ளுறையின் நெறியல்லவா இது! குறையை மறைக்காமல் அதையே வழியாக்கிக்கொண்டதால் மேடை இங்கே கவிதையாயிற்று.

அடுத்துப் பாடலுக்கு வருகின்றேன். படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நாடகம் இடைவேளையோடு இரண்டரை மணி நேரம். கூடுதல் நேரத்தை வெறும் காட்சிகளால் நிரப்பினால் நாடகம் வீங்குமே தவிர வளராது. திரையில் ஒரு பாத்திரத்தின் மனத்தைக் காட்ட அண்மைக்காட்சி போதும். கண் கலங்குவதைத் திரையளவு பெரிதாகக் காட்டிவிடலாம். மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கண் தெரியாது. அங்கே அண்மைக்காட்சியின் வேலையைப் பாட்டுத்தான் செய்ய வேண்டும். ஆகவே, பாத்திரங்களுக்கு மேடையில் புதிய பாட்டுக் கிடைத்தது. சிம்பா தன் இருண்ட இரவைப் பாடுகின்றான். நாலா என்னும் பெண் சிங்கம் வறண்ட தாயகத்தைப் பிரியும் வலியைப் பாடுகின்றாள்.

இவற்றுள் ஒரு பாடலைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். முன்னோர் விண்மீன்களாக நம்மைக் காண்கின்றனர் என்று முஃபாசா மகனுக்குச் சொல்லும் இடத்தில் 'அவர்கள் உனக்குள் வாழ்கின்றனர்' என்ற பொருளில் தலைப்பிட்ட பாடல் வருகின்றது. இரண்டாம் பாதியில், தந்தையை இழந்து திசையற்று நிற்கும் சிம்பாவுக்காக அதே பாடல் மீண்டும் ஒலிக்கின்றது. இப்போது தலைப்பிலே 'அவர்கள்' என்ற பன்மை போய் 'அவன்' என்ற ஒருமை வந்துவிடுகின்றது. பொதுவாக இருந்த முன்னோர் இப்போது ஒருவராக, தன் தந்தையாக ஆகிவிட்டனர். ஒரு பிரதிப்பெயர் மாறியதில் நாடகத்தின் முழு வளர்ச்சியும் அடங்கிவிட்டது. யாப்பையும் சொல்லையும் எண்ணி எண்ணிச் செதுக்கும் கவிஞர்கள் இதன் அருமையை என்னைவிட நன்கு அறிவர்.

இப்பாடல் 1995இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பிலிருந்து வந்தது. அத்தொகுப்பின் உயிர்நாடி லெபோ எம் என்னும் தென்னாப்பிரிக்க இசைக் கலைஞர். இனஒதுக்கல் ஆட்சிக் காலத்தில் தாயகத்தைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்தவர். படத்தின் தொடக்கத்தில் சூரியன் எழும்போது எழும் ஜூலு மொழிக் குரல் அவருடையதே. தென்னாப்பிரிக்காவில் அனைத்து இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்ததும் அப்படம் வெளிவந்த அதே 1994இல்தான். நாடகத்தில் ஜூலு, கோசா, சோத்தோ முதலிய ஆப்பிரிக்க மொழிகள் தாராளமாக ஒலிக்கின்றன. அவற்றுக்கு மேடையில் விளக்கம் சொல்லப்படுவதில்லை. நியூயார்க்கில் அமர்ந்திருப்பவருக்குப் பொருள் தெரியாது, ஆனால் துக்கமா மகிழ்ச்சியா என்பது தெரிந்துவிடும். அம்மொழியினர் அவையில் இருந்தாலோ அவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். பெரிய மொழிக்கு நடுவே சிறிய மொழி தலைகுனியாமல் நிற்கும் இக்காட்சி, தமிழ்க் கவிஞர்களாகிய நாம் மனங்கொள்ளத் தக்கது.

டேமர் இன்னொன்றும் செய்தார். படத்தில் ரஃபிக்கி என்னும் ஞானக் குரங்கு ஆண். கதையில் வலிமையான பெண் பாத்திரம் குறைவாக இருப்பதை உணர்ந்த டேமர், ரஃபிக்கியைப் பெண்ணாக்கினார். நாடகத்தைத் தொடங்கிவைக்கும் குரலே பெண்ணின் குரலாயிற்று. இது முதல்நூலுக்கு மாறுபாடு. ஆனால் கதையின் பொருள் சிதையவில்லை, செறிந்தது.

1997 ஜூலையில் மினியாபொலிஸ் நகரில் ஒத்திகையாக அரங்கேறிய இந்நாடகம் அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் நியூயார்க்கின் நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் முறையாகத் தொடங்கியது. 1998இல் சிறந்த இசை நாடகம் உள்ளிட்ட 6 டோனி விருதுகளைப் பெற்றது. இசை நாடக இயக்கத்துக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் டேமர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டபோது நின்ற நாடகம் 2021 செப்டம்பரில் மீண்டும் தொடங்கி, 2022இல் தன் 25ஆம் ஆண்டை நிறைவு செய்தது.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் உண்மையின் பாதியைத்தான் சொன்னவனாவேன். படத்திலும் நாடகத்திலும் நகைச்சுவைப் பாத்திரங்கள் பாடும் ஒரு பழைய பாட்டு உண்டு. சிங்கம் உறங்குவதைப் பற்றியது. அதன் மூலம் 'ம்பூபே' என்னும் ஜூலு மொழிப் பாடல். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் அதைப் பாடிப் பதிவு செய்தவர் சாலமன் லிண்டா. அதன் உரிமையை அற்பத் தொகைக்கு இழந்து, 1962இல் வறுமையில் மறைந்தார். பாட்டோ அமெரிக்காவில் பல உருவங்களில் புகழும் பொருளும் ஈட்டியது. அவருடைய மகள்மாரின் சார்பில் 2004இல் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2006இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே குடும்பத்துக்கு உரிய பங்கு கிடைத்தது. முன்னோர் நமக்குள் வாழ்கின்றனர் என்று பாடும் நாடகத்துக்குள்ளேயே, பெயர் மறக்கப்பட்ட ஒரு முன்னோர் வாழ்ந்துகொண்டிருந்தார். வழிநூல் செய்பவன் முதல்நூலாசிரியனின் பெயரைச் சொல்வது வெறும் மரியாதை அன்று, கடன். நாட்டுப்புறப் பாடலிலிருந்து மெட்டெடுப்போரும், பிறமொழிக் கவிதையைத் தழுவுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அனைவரும் லிண்டாவை நினைத்துக்கொள்வது நல்லது.

இது பெரும் வணிக நிறுவனத்தின் சரக்குத்தானே, இதில் கலை எங்கே என்ற வினாவும் நியாயமானதே. நுழைவுச்சீட்டின் விலை எளியோர்க்கு எட்டாதது. பொம்மைக் கடையும் உடன் நடப்பது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கண்ட முறைக்குப் பணம் தேவையில்லை. ஒரு நீலத்துணியும் ஒரு முழ நாடாவும் நம் கிராமத்துப் பள்ளி மேடைக்கும் கிடைக்கும். கிடைத்தற்கு அரியது, பார்ப்பவரின் கற்பனையை நம்பும் துணிவே.

கவிஞர் பெருமக்களே, இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் கவிதைகளை மேடையேற்றப் போவதாக அறிவித்திருக்கின்றது. அப்போது மூன்றை மறவாதிருக்க வேண்டுகின்றேன். தாளில் உள்ளதை அப்படியே மேடையில் வைக்க முயலாதீர்கள், மேடைக்கென்று ஓர் உடல் தேடுங்கள். மேடையால் முடியாததை ஒளிக்காதீர்கள், அதை அவையோரிடம் ஒப்படையுங்கள், அவர்கள் முடித்துவைப்பார்கள். யாரிடமிருந்து பெற்றீர்களோ அவர் பெயரை முதலில் சொல்லுங்கள். தொல்காப்பியர் வகுத்த நான்கு வழிகளோடு ஐந்தாவதாக ஒரு வழி இருக்குமானால், அதற்கு இவையே இலக்கணமாகும் என்று எனக்குத் தோன்றுகின்றது.